எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஊழியருக்கு எது உதவும்: தனி விடுப்பா, நேரத் தளர்வா, ரிலீவரா (மாற்றாளா)?

நான் மனிதவளப் பொறுப்பில் இருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் ஓராண்டு விடுப்பு விண்ணப்பங்களை வரிசையாக வைத்துப் படித்தால், அவர் வீட்டில் கெட்ட காலம் குடிபுகுந்துவிட்டது போலத் தோன்றும். ஜனவரியில் காய்ச்சல், பிப்ரவரியில் பல்வலி, மார்ச்சில் பெரியம்மா இறப்பு, ஏப்ரலில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, மே மாதம் மறுபடியும் காய்ச்சல். காரணங்களை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் பார்த்தால் இருபத்தாறு நாள், இருபத்தெட்டு நாள், முப்பது நாள் என்று இடைவெளி ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்து, கோவையில் ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் சாக்லேட் கட்டி (எண்டோமெட்ரியோசிஸால் உண்டாகும், பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகுதான் தனக்கு என்ன என்பதை அவர் எங்களிடம் சொன்னார். அதுவரை லைன் சூப்பர்வைசரின் வாயில் அவருக்கு 'லீவு பார்ட்டி' என்று பெயர்.

மாதம் ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிலக்கு விடுப்புக்குக் கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்த செய்தி வந்ததும், எங்கள் நிர்வாகமும் இது குறித்து ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பி, என்னென்ன வழிகள் உண்டு, எதை எடுக்கலாம் என்று எழுதித் தரச் சொன்னது. தையல் தளத்தில் ஏறத்தாழ 200 பெண்கள் இருக்கிறார்கள். வேறு கட்டடத்தில் இயங்கும் மெர்ச்சண்டைசிங் (வாங்குபவர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவு), கணக்கு அலுவலகத்தில் 30 பெண்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதும், எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் விடுப்பு இந்த நோயைப் பொறுத்தவரை மூன்றாவது இடத்தில்தான் வருகிறது என்பதும் நான் வந்து சேர்ந்த முடிவுகள்.

வழிகளை ஒப்பிடும் முன் நோயின் போக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல திட்டங்கள் சறுக்குவது அங்கேதான். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சினைப்பையிலும் குடலின் மேற்பரப்பிலும் இடுப்புக்குழியின் பிற இடங்களிலும் வளர்ந்து, அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கி, சில வேளை உறுப்புகளையே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலக அளவில் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் வலி உச்சத்துக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களோடு நின்றுவிடும் என்ற உறுதி கிடையாது. கருமுட்டை வெளியாகும் நாளில் வரலாம், மலம் கழிக்கும்போது வரலாம், நெடுநேரம் ஒரே நிலையில் இருந்த பின் வரலாம், காரணம் எதுவும் தெரியாமலும் வரலாம். சிலருக்கு வலியைவிட அசதிதான் பெரிய தொல்லை. பெரிய கட்டி இருப்பவர் ஓரளவு நடமாடிக்கொண்டிருப்பார். சிறு புள்ளிகள் மட்டும் இருப்பவர் சுருண்டு படுத்துக் கிடப்பார். ஸ்கேன் அறிக்கையில் இருக்கும் சென்டிமீட்டரை வைத்து வலியை அளக்க முடியாது என்பதை மேலாளர்களுக்குப் புரியவைப்பதற்கே எனக்கு இரண்டு கூட்டம் பிடித்தது.

நோய் உறுதியாவதற்கு ஆகும் காலம் இன்னொரு சிக்கல். பத்து நாடுகளில் 16 மருத்துவ மையங்களுக்கு லேப்ராஸ்கோபிக்காக (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்ப்பது) வந்த 1,418 பெண்களை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், அறிகுறி தொடங்கியதற்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடையே சராசரியாக 6.7 ஆண்டு கழிந்திருந்தது. நம் வீடுகளில் 'கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்' என்று சில ஆண்டும், 'ஒரு குழந்தை பொறந்தா சரியாப் போயிடும்' என்று வேறு சில ஆண்டும் போய்விடுகின்றன. ஆகவே மருத்துவச் சான்று கொண்டுவருபவர்களுக்கு மட்டும் உதவும் எந்தத் திட்டமும், அதிகம் வலிக்கும் பல ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்.

முதல் வழி, எதையும் புதிதாகச் செய்யாமல் இருக்கிற விடுப்புகளையே பயன்படுத்தச் சொல்வது. அலுவலகப் பெண்களுக்கு இது அவ்வளவு மோசமில்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் ஊதிய விடுமுறையும், 12 நாள் நோய் விடுப்பும், 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. தையல் தளத்தின் கதை வேறு. தொழிற்சாலையில் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் ஈட்டிய விடுப்பு உண்டு. நோய் விடுப்புக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.-யை நம்பியிருக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கான இந்தத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது. முன்பு உதவித்தொகை பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டுமே அந்த இரண்டு நாள் விலக்கப்படும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் படுக்கையில் விழும் ஒரு பெண்ணை இந்த விதியில் பொருத்திப் பாருங்கள். ஆண்டுக்கு 24 அல்லது 26 நாள் வலியில் கிடந்தும், 91 நாள் உரிமையில் ஒரு நாளைக்கூட அவரால் தொட முடியாது. யாரும் வேண்டுமென்று செய்த அநீதியல்ல இது. டைபாய்டையும் எலும்பு முறிவையும் மனத்தில் வைத்து எழுதிய விதி, மாதந்தோறும் வந்து போகும் நோயைக் காணத் தவறுகிறது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளிலும் இந்த நோய் இல்லை. ஆக, தளத்தில் வேலை செய்பவருக்கு 'இருப்பதே போதும்' என்பது 'உனக்கு ஒன்றுமில்லை' என்பதற்குச் சமம்.

இரண்டாவது வழி, எல்லாப் பெண்களுக்கும் பொதுவான மாதவிலக்கு விடுப்பு. இது புதிதல்ல. பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பை 1992 முதல் தருகிறது. ஜப்பான் 1947-லேயே தொழிலாளர் தரச் சட்டத்தில் இதைச் சேர்த்துவிட்டது. ஜப்பானில் பிறகு நடந்ததை நான் நிர்வாகத்துக்கு விரிவாகவே எழுதினேன்: 1965-ல் தகுதியுள்ள பெண்களில் 26 சதவீதம் பேர் அதை எடுத்தார்கள், 2017-ல் எடுத்தவர்கள் 0.9 சதவீதம். சட்டத்தில் அந்த உரிமை இன்னும் இருக்கிறது, வலியும் குறைந்திருக்காது. சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஆண் மேலாளரிடம் போய் இன்ன விடுப்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருப்பதும், கேட்டவர் மீது ஒரு முத்திரை விழுவதும் மீதியைச் செய்துவிடுகின்றன. நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில், இது அரசின் கொள்கை முடிவு என்று சொன்னதோடு, இப்படியொரு விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிலை வரலாம் என்ற அச்சத்தையும் தெரிவித்தது. அந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. பேறுகால விடுப்பைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அதற்காக யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை.

எனக்கு இருக்கும் தயக்கம் கணக்கைப் பற்றியது. 200 பெண்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் என்றால், எல்லோரும் எடுக்கும் பட்சத்தில், 2,400 ஆள்-நாள். அவர்களில் 10 சதவீதம், அதாவது 20 பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்று வைத்து, அவர்களுக்கு 24 நாள் வீதம் தந்தால் 480 ஆள்-நாள். ஐந்தில் ஒரு பங்குச் செலவில், தேவைப்படுபவருக்கு இரட்டிப்பு விடுப்பு. மாதம் ஒரு நாள் என்ற அளவு, சாதாரண மாதவிலக்கு வலி உள்ளவருக்குப் போதுமானதாகவும், இந்த நோய் உள்ளவருக்குக் குறைவாகவும் அமைந்துவிடுகிறது. கர்நாடகத் திட்டத்தைப் போல அந்த மாதத்து நாளை அந்த மாதத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்றும் வைத்துவிட்டால், இரண்டு மாதம் சமாளித்து மூன்றாம் மாதம் விழுபவருக்கு முந்தைய இரண்டு நாளும் வீண். இருந்தாலும் இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு, சான்று கேட்பதில்லை. அதை மறுக்க முடியாது.

பனியன் கம்பெனிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. மாதம் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் கிடைக்கும் வருகை ஊக்கத்தொகைதான் அது. விடுப்பைக் கொடுத்துவிட்டு, அந்த நாளை ஊக்கத்தொகைக் கணக்கில் 'வராத நாள்' என்று எழுதினால், வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கியதாகிவிடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் திருத்த வேண்டியது சம்பளக் கணக்கின் மென்பொருளில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான்.

மூன்றாவது வழி ஸ்பெயினுடையது. 2023 பிப்ரவரியில் நிறைவேறி ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், ஐரோப்பாவில் முதன்முதலாக, எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயினால் உண்டாகும் முடக்கும் மாதவிலக்குக்கு மருத்துவர் சான்றின் பேரில் விடுப்பு தருகிறது. முதல் நாளிலிருந்தே செலவை ஏற்பது முதலாளியல்ல, அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி. நோக்கத்தில் இதுதான் மிகச் சரியான திட்டம் என்பேன். தேவைப்படுபவரைக் குறிவைக்கிறது, முதலாளிக்குப் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்க வைக்கும் காரணத்தையும் எடுத்துவிடுகிறது. ஆனால் ஒரு தனியார் கம்பெனியால் அரசு நிதியை உருவாக்க முடியாது, சான்றுக்கு 6.7 ஆண்டு காத்திருக்கும் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. எனவே இதிலிருந்து ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தேன்: நோயின் பெயர் சான்றில் இருக்க வேண்டியதில்லை, 'அடிக்கடி மீளும் நாட்பட்ட இடுப்பு வலி, சிகிச்சையில் உள்ளார்' என்று எந்தத் தகுதி பெற்ற மருத்துவர் எழுதித் தந்தாலும் போதும், ஆண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும், ஒவ்வொரு விடுப்புக்கும் புதிதாகத் தர வேண்டாம். இரண்டு நாள் வலிக்கு ஒருவரை டிஸ்பென்சரி வரிசையில் நிற்கவைத்துச் சான்று வாங்கச் சொல்வதைப் போன்ற வீண் வேலை வேறில்லை.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் இரண்டு வழிகள். இவை விடுப்பே அல்ல.

நெதர்லாந்தில் 32,748 பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, விடுப்பைச் சுற்றியே சுழலும் நம் பேச்சைப் புரட்டிப் போடுகிறது. மாதவிலக்குத் தொல்லைகளால் வேலைக்கு வராமல் போனதால் ஏற்பட்ட இழப்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 1.3 நாள், வேலைக்கு வந்து, வலியோடு, குறைந்த திறனில் உட்கார்ந்திருந்ததால் ஏற்பட்ட இழப்பு 8.9 நாள். எண்டோமெட்ரியோசிஸ் பற்றிய 2011-ஆம் ஆண்டு ஆய்விலும், பாதிக்கப்பட்டவர் வாரத்துக்கு இழந்த 10.8 மணி நேரத்தில் பெரும்பகுதி வேலை செய்துகொண்டிருக்கும்போதே இழந்ததுதான். அப்படியானால் இழப்பு நடப்பது வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று சிவப்பு மையில் எழுதிய நாட்களில் அல்ல, 'பிரசென்ட்' என்று எழுதிய நாட்களில். விடுப்பு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அந்த நாட்களை அது தொடாது. அதே நெதர்லாந்து ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் மேல், அந்நாட்களில் வேலையிலும் படிப்பிலும் கூடுதல் தளர்வு வேண்டும் என்றே கேட்டார்கள்.

அலுவலகத்துக்கு இது எளிது. காலை 11 முதல் 4 வரை எல்லோரும் இருக்க வேண்டும், மீதி நேரத்தை வாரக் கணக்கில் நேர்செய்துகொள்ளலாம். காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம், காரணம் எழுத வேண்டாம். எங்கள் மெர்ச்சண்டைசர்களுக்கு வெளிநாட்டு பையரோடு பேச்சு பெரும்பாலும் மாலையில்தான். காலை ஒன்பது மணிக்கு வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர் அந்த அழைப்பில் முழுத் தெளிவோடு பேசுவார். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி வந்துவிட்டதால் 'படுத்துக்கொண்டே செய்யலாமே' என்று நோய் விடுப்பை மறுக்கும் பழக்கம் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். இரண்டும் தனித்தனி உரிமைகள் என்று விதியிலேயே எழுதினோம்.

தையல் தளத்தில் 'வீட்டிலிருந்து வேலை' என்ற சொல்லுக்கே பொருளில்லை. அங்கே ஒருவர் பத்து நிமிடம் எழுந்து போனால், அடுத்த மெஷினுக்குப் பண்டல் போகாமல் நிற்கும், முந்தைய மெஷினின் பண்டல் அவர் மேசையில் குவியும், லைன் முழுவதும் திரும்பிப் பார்க்கும். சூப்பர்வைசரின் மேசைக்குப் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி. அதில் கயிறு கட்டிய ஒரு மர டோக்கன். முப்பது மெஷினுக்கு அந்த ஒரு டோக்கன்தான். அதை எடுத்துக்கொண்டால்தான் கழிப்பறைக்குப் போகலாம். அது ஆணியில் இல்லையென்றால் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க நேரும் என்று தெரிந்ததால் பெண்கள் மதியம்வரை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். குடலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து வலிக்கும் ஒரு நோய்க்கு இதைவிடக் கேடான ஏற்பாட்டைத் திட்டமிட்டு யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே தளத்துக்கான முதல் மருந்து ரிலீவர். எல்லா மெஷினும் ஓட்டத் தெரிந்த ஒருவர், இரண்டு லைனுக்கு ஒருவர் வீதம். எழ வேண்டியவர் கையை உயர்த்தினால் அந்த இருக்கையில் வந்து உட்காருவார். நான்கு லைனுக்கு இரண்டு பேர், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 ஆள்-நாள் ஊதியம். பொது விடுப்பின் 2,400-க்கு இது கால் பங்கு. அதிலும் இவர்கள் எவர் இடத்திலும் நின்று துணியைத் தைத்துக்கொண்டே இருப்பதால் அந்த ஊதியம் முழுவதும் செலவு அல்ல. சர்க்கரை நோய் உள்ளவருக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், மூல நோயோடு வேலை செய்யும் ஆணுக்கும் அதே ரிலீவர் உதவுவார். ஆதலால் கை உயர்த்துபவர் எதற்காக உயர்த்தினார் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. இதோடு சேர்ந்து வருபவை சிறியவை: முதுகு சாயும் இருக்கை, செக்கிங் மேசைக்கு உயரமான ஸ்டூல் (நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதிதான்), ஓய்வறையில் ஒரு கட்டில், வெந்நீர், வலி மிகும் நாட்களில் அயர்னிங், பண்டல் தூக்குதல் போன்றவற்றிலிருந்து மாற்றம்.

மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மேலாளர் இதை 'மலிவான வழி' என்று கூட்டத்தில் முன்வைத்தார். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்காகப் பெண்களுக்குப் பெயரும் உறையும் இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை, சுமார் நூறு தொழிலாளர்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ல் வெளிக்கொண்டுவந்தது. என்ன மாத்திரை, பக்கவிளைவு என்ன என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இந்த வலிக்கு இங்கே மிகப் பரவலாக விழுங்கப்படும் மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை ஊழியர் தானே எடுத்துக்கொள்வது அவர் விஷயம். கம்பெனி எடுத்துக் கொடுத்து மெஷினுக்கு அனுப்புவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

குழு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்கு அது உதவும். ஆண்டுக்கணக்கில் தொடரும் ஹார்மோன் மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் உதவாது, மருத்துவமனையில் சேராத செலவுகள் அதில் வருவதில்லை. பெண்களுக்கான நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வழியையும் கெடுக்கக்கூடியது, யாருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்ற கேள்வி. நெதர்லாந்து ஆய்வில், மாதவிலக்கு வலியால் வராமல் இருந்தவர்களில் உண்மைக் காரணத்தைச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான். நம் ஊரில், ஆண் சூப்பர்வைசரிடம், திருமணமாகாத பெண் ஒருவர் 'கர்ப்பப்பையில் பிரச்சினை' என்று சொல்லிவிட்டு, அது வரன் பார்க்கும் வீடுவரை போகாது என்று நம்ப வேண்டும் என எதிர்பார்ப்பது அதிகம். செக்கிங் பெண்ணின் தேதிகளை நான் வரிசைப்படுத்திப் பார்த்ததே ஒருவகை ஒட்டுக்கேட்டல் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அதனால் சான்று மனிதவளத்தில் ஒரே ஒருவரிடம், உறையிலிட்டு இருக்கும். சூப்பர்வைசருக்குப் போகும் சீட்டில் 'ரிலீவர் உண்டு, ஸ்டூல் உண்டு' என்ற ஏற்பாடு மட்டும் இருக்கும், நோய் இருக்காது. விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'உடல்நிலை / சொந்த வேலை' என்று இரண்டு சொல்லை மட்டும் வைத்தோம்.

எங்கள் நிர்வாகம் கடைசியில் ஒப்புக்கொண்டது இந்த வரிசையை: தளத்தில் டோக்கனை எடுத்துவிட்டு ரிலீவர், அலுவலகத்தில் நேரத் தளர்வு, அதற்கடுத்து ஆண்டுச் சான்றின் பேரில் 18 நாள் கூடுதல் ஊதிய விடுப்பு, அந்த நாட்கள் ஊக்கத்தொகையைத் தொடாது. நான் கேட்டது 24. சான்று இல்லாதவர்களுக்கு, ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக, காரணம் கேட்காத ஆறு நாள். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில்) வேலை செய்பவர்களுக்கு அந்த நாட்களின் ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் மட்டும் இழுபறி நீண்டது. முந்தைய மூன்று மாதச் சராசரி என்று முடிவாகியிருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வருகிற நாற்பது பேர் இதில் அடங்குவார்களா என்பதற்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை.